பழைய கணினியும் படிக்க முடியாத எழுத்தும்

எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்ற கேள்வி யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குப் புதியதொன்றல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தில் இருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பைகளுக்குள் ஏறின. குடும்பப் படங்களும் புத்தகங்களும் ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வைத்த பத்திரிகைக் கட்டுகளும் வீடுகளிலேயே தங்கிவிட்டன. திரும்பி வந்தபோது அவற்றுட் பெரும்பகுதி அங்கே இருக்கவில்லை.

இன்று அதே கேள்வி, எவரும் துரத்தாத ஓர் அமைதியான சூழலில், வேறு உருவத்தில் நம்முன் வந்து நிற்கின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 இயங்காது. ஆகவே அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் வீடுகளிலும் கணினிகள் மாற்றப்படுகின்றன. அவ்வாறு இடத்தை ஒழுங்குபடுத்தும் வேளையில், அறையின் மூலையில் துணிபோர்த்திக் கிடந்த, அதனிலும் பழைய இயந்திரங்களும் சேர்ந்தே வெளியேறுகின்றன. பழைய இரும்புக்காரர் அவற்றை நிறை பார்த்து வாங்கிச் செல்கின்றார்.

வெளியேற்றும் முன்னர் நாம் செய்வதென்ன? கணினிக் கடையில் கொடுத்து, "பழையதில் இருக்கிறதை எல்லாம் புதியதில போட்டுத் தாங்கோ" என்கிறோம். கடைக்காரர் சில கோப்புறைகளைப் படியெடுத்துத் தருகின்றார். அரைமணி நேரத்தில் அலுவல் முடிந்துவிடுகின்றது. அந்த அரைமணி நேர அலுவலைக் 'கோப்புகளை மாற்றுதல்' என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழில் எழுதப்பட்ட பழைய கோப்புகளைப் பொறுத்தவரை, அது வேலையின் முதற்படி மாத்திரமே.

ஒரு கோப்பு புதிய கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்வதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். வட்டில் உள்ள பதிவு சேதமின்றி வரவேண்டும். அதைத் திறக்கக்கூடிய மென்பொருள் புதிய கணினியில் இருக்கவேண்டும். திறந்த பின்னர் அதிலுள்ள எழுத்து தமிழாகத் தெரியவேண்டும். முதலாவது நிபந்தனையுடன் நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம். இழப்பு நிகழ்வதோ பெரும்பாலும் மூன்றாவதில்.

சில மாதங்களுக்கு முன்னர் என்னுடைய பழைய கட்டுரைகள் இருந்த வன்தட்டொன்றைக் கடையொன்றுக்குக் கொண்டுசென்றிருந்தேன். அங்கிருந்த தம்பி மிகுந்த அக்கறையோடு ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயா, இதெல்லாம் பழுதாப் போச்சு. ஒரே ஆங்கில எழுத்தும் குறியுமாக் கிடக்கு. அழிச்சு விடட்டோ?" என்று கேட்டார். ஒன்றும் பழுதாகவில்லை. அவை பாமினி எழுத்துருவில் எழுதப்பட்ட கட்டுரைகள். அந்தத் தம்பி கணினியைத் தொடத் தொடங்கிய காலத்தில் யுனிகோட் வந்துவிட்டது. பாமினி என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. தவறு அவருடையதன்று. எங்களுடைய தலைமுறை அவருக்குச் சொல்லி வைக்கவில்லை.

இளையோருக்காக இதனைச் சற்று விளக்குவது பொருத்தமாகும். யுனிகோட் குறியீட்டு முறையில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் சாதாரண கணினிகளில் அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. அந்த இடைக்காலத்தில் எழுத்துரு வல்லுநர்கள் ஒரு குறுக்குவழியைக் கண்டனர். ஆங்கில எழுத்தின் இலக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, திரையில் தெரியும் வடிவத்தை மட்டும் தமிழாக்கினர். 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினியில் எழுதிய ஒருவரின் கோப்பில் உண்மையிற் பதிவாகியிருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த அரைப்புள்ளியே மெய்யெழுத்தின் குற்று. கால்புள்ளியின் இடத்தில் 'இ' அமர்ந்திருக்கும். பாமினி என்ற எழுத்துருக் கோப்பு கணினியில் இருக்கும்வரை எல்லாம் தமிழாகத் தெரியும். அது இல்லாத கணினியில் எஞ்சுவது அர்த்தமற்ற எழுத்துக் குவியல்.

இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் மிகப் பரவலாக வழங்கியது பாமினி என்றால், தமிழகத்தில் வேறு பல எழுத்துருக்கள் வழங்கின. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெற் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் குறியீடுகளைத் தரப்படுத்தியது. இணையத்தில் இயங்கிய தமிழார்வலர்கள் 'டிஸ்கி' என்ற குறியீட்டை உருவாக்கிக்கொண்டனர். இவற்றுக்கு அப்பால், பத்திரிகை நிறுவனங்கள் பல தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களை வைத்திருந்தன. ஒன்றில் எழுதியதை மற்றொன்றிற் படிக்க இயலாது. ஒரே மொழியை எழுதிய நாங்கள், கணினிக்குள்ளே வெவ்வேறு மொழிக்காரர்களாக இருந்தோம்.

எழுத்துருவுக்கு அடுத்த சிக்கல் பக்க வடிவமைப்பு மென்பொருள். ஈய எழுத்துக்களைக் கையாற் கோத்த அச்சுக்கூடங்கள் கணினிக்கு மாறியபோது, குடாநாட்டிலும் கொழும்பிலும் பெரும்பாலானோர் கைக்கொண்டது பேஜ்மேக்கர் மென்பொருளை. அதன் இறுதிப் பதிப்பான ஏழாவது பதிப்பு வெளிவந்தது 2001 இல். அதனை வெளியிட்ட அடோபி நிறுவனம் பின்னர் இன்டிசைன் மென்பொருளின் பக்கம் திரும்பியது. இன்டிசைனின் சீ.எஸ்.6 வரையான பதிப்புகளே பேஜ்மேக்கரின் ஆறாம், ஏழாம் பதிப்புகளிற் செய்த கோப்புகளைத் திறந்தன. அதன் பின்னர் வந்தவை அந்தக் கதவை மூடிவிட்டன. ஆகவே பேஜ்மேக்கர் கோப்பொன்றைப் புதிய கணினிக்குப் படியெடுத்து வைத்திருப்பவரிடம் இருப்பது, திறப்பு இல்லாத பெட்டகம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கதியன்று. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' என்ற நிலக் கணக்கெடுப்பு நூலை இன்றும் விரித்துப் படிக்கலாம். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டை முன்னிட்டு 1986 இல் பிபிசி நிறுவனம் அந்நாட்டு மக்களின் வாழ்வைப் பதிவுசெய்து, லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பாடசாலை மாணவர்கள் உட்பட நாடெங்கும் பெருந்தொகையானோர் அதற்கு எழுதினர். பதினைந்தே ஆண்டுகளில் அந்த வட்டுகளைப் படிக்கும் இயந்திரங்கள் அரிதாகிவிட்டன. 2002 இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய இயந்திரத்தின் இயக்கத்தைப் புதிய கணினியில் நிகழ்த்திக் காட்டி, அதனை மீட்க வேண்டியதாயிற்று. ஒன்பது நூற்றாண்டுத் தோலேடு தாங்கியது. பதினைந்து ஆண்டு லேசர் வட்டு தாங்கவில்லை.

நம்மிடையே இதற்கொப்பான பணியைச் செய்த பெரியார் ஒருவர் இருந்தார். சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். ஏட்டுச் சுவடிகளில் இருந்த வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சுக்குக் கொணர்ந்தவர். கலித்தொகைப் பதிப்பு வெளிவந்தது 1887 இல். அவர் செய்ததும் ஓர் ஊடகத்தில் இருந்து இன்னோர் ஊடகத்துக்கு மாற்றும் பணிதான். ஆயினும் ஏட்டில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டு அவர் ஓயவில்லை. பல ஊர்ப் பிரதிகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்றை ஒப்புநோக்கி, புள்ளியில்லாத ஏட்டெழுத்தில் எது மெய், எது உயிர்மெய் என்று தீர்மானித்து, படிக்கத்தக்க வடிவில் தந்தார். ஊடகம் மாறும்போது அறிவுடைய ஒருவர் அருகில் இருக்கவேண்டும் என்பதற்கு அவரது வாழ்க்கையே சான்று.

சங்க நூலையும் நமது பழைய கணினிக் குப்பையையும் ஒரே தராசில் வைப்பதா என்று சிலர் கேட்கலாம். அந்தக் கணினிகளில் என்ன இருக்கின்றது என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

குடாநாட்டின் சிறிய அச்சகமொன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வெளியிடப்படும் நினைவு மலரைக் 'கல்வெட்டு' என்று அழைப்பது எங்கள் வழக்கம். இறந்தவரின் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், மணவுறவு, பிள்ளைகள், அவர்கள் சென்று குடியேறிய நாடுகள் யாவும் அதிலே இருக்கும். அச்சிட்ட சில நூறு பிரதிகள் உறவினரிடம் பிரிந்துபோய்விடும். ஓர் அச்சகத்தின் பழைய வன்தட்டில் பல ஆண்டுக் கல்வெட்டுகள் ஒன்றாக இருக்கின்றன. அவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால், அது ஒரு கிராமத்தின் வமிசாவளி. அந்தக் கிராமம் உலகெங்கும் சிதறிய வரலாறு. கோயில் குடமுழுக்கு மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், சனசமூக நிலையங்களின் ஆண்டறிக்கைகள் ஆகியனவும் அதே வன்தட்டில் இருக்கும்.

பத்திரிகைக் காரியாலயங்களின் நிலைமை இன்னும் பாரதூரமானது. 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர், அச்சுத் தாள் தட்டுப்பாட்டினால் குடாநாட்டு நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்தே வெளிவந்தன. பக்கம் குறைந்தபோது செய்தியும் குறைந்தது. நிருபர்கள் எழுதி அனுப்பியவற்றுள், தட்டச்சாகிக் கணினியில் ஏறியும் இடமின்மையாலோ அச்சத்தாலோ அச்சேறாத செய்திகள் இருந்தன. 'பழைய பத்திரிகைகளை வருடி எடுத்தாற் போதும், கணினிக் கோப்பு எதற்கு?' என்று கேட்போருக்கு இதுவே எனது பதில். அச்சில் வந்ததைவிடக் கணினியில் இருந்தது அதிகம்.

அந்த ஆண்டுகளிற் கடத்தப்பட்டவர்களையும் காணாமற் போனவர்களையும் பற்றிய தகவல் பெரும்பாலும் ஒற்றைப் பத்திச் செய்தியாகவே வந்தது. இன்ன நாள், இன்ன இடம், இன்ன வயது, தாயார் முறைப்பாடு செய்தார் என்ற அளவில் நான்கு வரிகள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்திற் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களிடம் ஒவ்வொரு விசாரணையிலும் கேட்கப்படுவது நாளும் இடமும் ஆதாரமும். அந்த நான்கு வரிச் செய்தி எழுதப்பட்ட கோப்பு, ஒரு தாய்க்குத் தன் பிள்ளை இருந்தான் என்பதற்கும் இல்லாமற் போனான் என்பதற்கும் துணைச் சான்றாகலாம். அதனைப் 'பழுதான கோப்பு' என்று அழித்துவிடும் உரிமை நமக்கில்லை.

1981 ஜூன் முதலாம் திகதியை அண்டிய இரவுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1959 இல் தொடங்கப்பட்ட ஈழநாடு நாளிதழின் பணிமனையும் அதே நாட்களில் தீக்கிரையானது. அந்த அழிவை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம், நினைவுகூரவே வேண்டும். ஆனால் எவரும் தீ வைக்காமலே, நம்முடைய கவனக்குறைவினால் மட்டுமே நிகழும் ஓர் அழிவைக் குறித்து நமக்குக் கவலை இல்லை என்றால், அந்த நினைவுகூரலுக்கு என்ன பொருள்?

ஒரு நியாயமான தயக்கத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். போர்க்காலக் கோப்புகளில் தகவல் தந்தவர்களின் பெயர்கள் இருக்கும். சாட்சிகளின் முகவரிகள் இருக்கும். அவற்றை இணையத்தில் ஏற்றுவது உயிரோடு இருப்பவர்களுக்கு ஆபத்தாக முடியலாம். நான் சொல்வது பாதுகாத்தலைப் பற்றி, வெளியிடுதல் வேறு. இன்று பூட்டி வைத்து, இருபது முப்பது ஆண்டுகளின் பின் திறக்கலாம். அழிந்ததை எக்காலத்திலும் திறக்க இயலாது. இதே காரணத்துக்காக, இத்தகைய வன்தட்டை முன்பின் தெரியாத கடையில் விட்டுவிட்டு வருவதும், உள்ளே இருப்பதைச் சரிவர நீக்காமற் பழைய கணினியை அன்பளிப்புச் செய்வதும் தகாது. 'அழி' என்ற விசையை அழுத்தினால் மட்டும் கோப்பு வட்டில் இருந்து போய்விடுவதில்லை.

செய்யவேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதலில், பழைய இயந்திரத்தில் எந்தக் கோப்பையும் திறந்து சேமிக்காமல், முழு வட்டையும் அப்படியே படியெடுக்க வேண்டும். திறந்து சேமித்தால் 'இறுதியாக மாற்றிய திகதி' இன்றைய நாளாகிவிடும். செய்திக் கோப்புக்குத் திகதியே உயிர். கணினி இயங்காவிட்டாலும் வன்தட்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழைய வகை வன்தட்டை யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் சிறு கருவிகள் சந்தையில் உண்டு. நெகிழ்வட்டு என்றால், அதன் மூலையில் உள்ள சிறு பூட்டை நகர்த்தி, எழுத முடியாதவாறு செய்த பின்னரே செலுத்த வேண்டும். 1.44 மெகாபைற் கொள்ளளவுள்ள நெகிழ்வட்டுகள் நாற்பதாயிரத்தில் உள்ளவற்றை இன்றைய 64 ஜிகாபைற் யு.எஸ்.பி. ஒன்றினுள் அடக்கிவிடலாம். எனவே 'இடம் போதாது' என்று எதையும் விட்டுவரத் தேவையில்லை. இறுவட்டுகளை முதலிற் கவனியுங்கள். நமது வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் அவற்றுக்குப் பகை.

இரண்டாவது, எழுத்துருக்களை மறவாமல் எடுத்துவர வேண்டும். பழைய கணினியின் 'ஃபொன்ட்ஸ்' கோப்புறையை முழுமையாகப் படியெடுங்கள். ஒரு பத்திரிகைக்கென மட்டும் செய்யப்பட்ட எழுத்துரு அந்த ஒரு கணினியில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். அது தொலைந்தால், அதில் எழுதிய அத்தனையும் புதிர்.

மூன்றாவது, யுனிகோடுக்கு மாற்றுதல். சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றியும், சென்னையில் இருந்து வெளிவந்த என்.எச்.எம். மாற்றியும் இந்தப் பணியிற் பல்லாயிரம் பேருக்குக் கைகொடுத்தவை. ஆயினும் இயந்திரத்தை முழுமையாக நம்பலாகாது. பழைய முறையில் 'கொ' என்ற எழுத்து கொம்பு, ககரம், அரவு என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிற் பதிவாகியிருக்கும். யுனிகோடிலோ ககரம் முதலில் வரவேண்டும். மாற்றியின் வேலை இந்த வரிசையைத் திருத்துவது. அதைவிடப் பெரிய இடர், தமிழினிடையே ஆங்கிலத்தில் எழுதியிருந்த பெயர்கள். எழுத்துரு விபரம் நீங்கிய வெற்று எழுத்தாகக் கொடுத்தால், எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. யு.என்.எச்.சி.ஆர். என்ற ஆங்கிலச் சுருக்கம் பொருளற்ற தமிழ் எழுத்துக்களாகிவிடும். ஆகையால் மாற்றியதை ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும். மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்கக்கூடாது. பேஜ்மேக்கர் இன்னும் இயங்கும் பழைய கணினி ஒன்றாவது ஊரில் இருக்கும். அது உயிரோடு இருக்கும்போதே பக்கங்களைப் பி.டி.எஃப். வடிவில் எடுத்துக்கொள்வது நல்லது.

இவை இயலாத காரியங்கள் என்று எவரும் சொல்ல முடியாது. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் இருந்த தன் இலக்கிய நூல்களைத் தொண்டர்களின் உழைப்பால் யுனிகோடுக்குக் கொண்டுவந்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் சேர்த்து, உலகெங்கும் உள்ள தமிழர் படிக்க வைத்துள்ளது. ஆனால் ஒருவருடைய மேசைக்குக் கீழே கிடக்கும் கணினிக்குள் என்ன இருக்கின்றது என்பதை எந்தத் திட்டமும் அறியாது. அதனை உரியவர்தான் எடுத்துத் தரவேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் பாமினியில் இதழ் நடத்தியவர்கள், ஊர்ச் சங்க மலர் வெளியிட்டவர்கள், பழைய மாணவர் சங்கச் செயலாளர்கள் யாவருக்கும் இது பொருந்தும்.

இவை யாவற்றுக்கும் மேலாக ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். அந்தக் கோப்புகளுக்கு 'நியூஸ் 1', 'நியூஸ் 2', 'கடைசி', 'கடைசி சரியானது' என்றெல்லாம் பெயர் வைத்தவர்கள் எங்கள் தட்டச்சாளர்களும் பக்க வடிவமைப்பாளர்களும். மின்பிறப்பாக்கி நிற்பதற்குள் பக்கத்தை முடித்தாக வேண்டிய அவசரத்தில், வேறு பெயர் வைக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. எந்தக் கோப்பில் என்ன இருக்கின்றது, எந்த எழுத்துரு எந்த ஆண்டில் மாறியது, எந்தச் செய்தி யாருடைய சொல்லுக்காக எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அவர்களின் நினைவில் உண்டு. அவர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. பலர் ஓய்வுபெற்றுவிட்டனர், சிலர் கடல்கடந்துவிட்டனர், சிலர் இப்போது இல்லை.

ஆதலால் நிறுவனங்களை நடத்துவோருக்கு எனது வேண்டுகோள் இதுதான். பழைய கணினியை இரும்புக்குக் கொடுக்கும் முன்னர், அதில் வேலை செய்தவரைத் தேடி அழையுங்கள். அவருக்கு உரிய ஊதியம் கொடுத்து, ஒரு வாரம் அதன் முன் அமர்த்துங்கள். பக்கத்தில் ஓர் இளையவரை இருத்துங்கள். மூத்தவர் சொல்லச் சொல்ல, இளையவர் ஒவ்வொரு கோப்புக்கும் திகதியும் பொருளும் எழுதட்டும். அந்தப் பட்டியலையும் கோப்புகளையும் மூன்று படிகள் எடுத்து, ஒன்றைக் காரியாலயத்திலும், ஒன்றை வேறோர் ஊரிலும், ஒன்றைக் கடல்கடந்தும் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்ததன் விலை என்னவென்று நாம் அறிவோம்.